மரியாதையை நேரத்தில் நினைவூட்டும் மென்பொருள்: தொழில்முறைக் குழுக்களுக்கு டிஸ்கோர்ஸ் எப்படி?

தொழில்முறைக் கலந்துரையாடல் குழு எதில் சேர்ந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு விதிப்பட்டியல்தான். பணிவாகப் பேசுங்கள், பேசுபொருளை விட்டு விலகாதீர்கள், விளம்பரம் செய்யாதீர்கள், கேட்பதற்கு முன் தேடிப் பாருங்கள் என்று அதில் எழுதியிருப்பவை அனைத்தும் நியாயமானவையே. ஆனால் சேர்ந்த அன்று ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே வந்தவர், சில மாதங்கள் கழித்துத் தம் கருத்தை யாரோ மறுத்து எழுதியதைப் படித்துக் கொதித்துப்போய்ப் பதில் தட்டத் தொடங்கும்போது, அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட அவர் நினைவுக்கு வருவதில்லை. விதி தெரியாததால் நடத்தை கெடுவது குறைவு. தெரிந்த விதி வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராததால் கெடுவதே மிகுதி. குழுக்களை நடத்தப் பயன்படும் டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். அதன் வேகம், தோற்றம், நிறுவும் முறை ஆகியவற்றைப் பற்றிப் பிறர் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

ஜெஃப் அட்வுட், ராபின் வார்டு, சாம் சாஃப்ரன் ஆகிய மூவர் 2013இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. அட்வுட் அதற்கு முன்பு, 2008இல், ஜோயல் ஸ்போல்ஸ்கியுடன் சேர்ந்து, நிரலாளர்கள் ஐயம் கேட்டு விடை பெறும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியவர். அங்கே கேள்வி, பதில் இரண்டுக்கு மட்டுமே இடம் உண்டு. உரையாடல் வளர்ந்தால் வெட்டிவிடுவார்கள். டிஸ்கோர்ஸ் உரையாடலுக்காகவே செய்யப்பட்டது. பைத்தான், ரஸ்ட் போன்ற நிரல்மொழிகளின் சமூகங்கள் தங்கள் விவாதங்களை இதில்தான் நடத்துகின்றன. நிரலாளர்களுக்குப் பொருந்துவது மருத்துவருக்கும் கணக்காளருக்கும் கட்டடப் பொறியாளருக்கும் அப்படியே பொருந்திவிடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதை அணுக வேண்டும்.

முதலில் பாராட்ட வேண்டியது, புதியவர் தம் முதல் பதிவை எழுதத் தொடங்கும்போது எழுதும் பெட்டிக்கு அருகில் திறக்கும் சிறு குறிப்பு. உங்கள் பதில் உரையாடலுக்கு எதையாவது சேர்க்கிறதா, சக உறுப்பினர்களிடம் கனிவாக இருக்கிறீர்களா என்று அது கேட்கிறது. கருத்தை விமர்சியுங்கள், ஆளை விமர்சிக்காதீர்கள் என்கிறது. நிர்வாகி எதையும் மாற்றாத இயல்பு அமைப்பில் இது முதல் இரண்டு பதிவுகளுக்கு வரும். பிறகு தானே ஒதுங்கிக்கொள்ளும். விதிப்பட்டியலில் இருந்த அதே சொற்கள்தாம். ஆனால் கை விசைப்பலகையில் இருக்கும் நொடியில் வருவதால் அவற்றுக்கு ஒரு கனம் கிடைக்கிறது. இந்தக் குறிப்பின் வாசகத்தை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொதுவான அறிவுரையை எடுத்துவிட்டு, ‘வாடிக்கையாளரின் பெயரோ நோயாளியின் விவரமோ இதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்’ என்று தன் துறைக்குரிய ஒரு வரியை அங்கே எழுதி வைக்கும் குழு பாதிக் கவலையை அப்போதே குறைத்துக்கொள்கிறது.

அடுத்தது தலைப்பு. ‘அவசரம்!!! யாராவது உதவுங்கள்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கோர்ஸ் அந்த ஆச்சரியக்குறிகளின் வரிசையைச் சுருக்கிவிடும். ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் தலைப்பிட்டாலும் அதைச் சாதாரண எழுத்துகளுக்கு மாற்றிவிடும். தலைப்பு மிகக் குறுகியதாக இருந்தால் ஏற்றுக்கொள்ளவே மறுக்கும்; இயல்பு அமைப்பில் குறைந்தது 15 எழுத்துக்குறிகள் வேண்டும். இவை பதற்றத்தை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் ‘யாராவது உதவுங்கள்’ என்பது எதைப் பற்றிய கேள்வி என்பதை எந்தச் சல்லடையும் கேட்டு வாங்க முடியாது. அந்த வேலையை ஓரளவு செய்வது வேறொரு வசதி: தலைப்பைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அதை ஒத்த பழைய இழைகளை, அதாவது ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவு வரிசைகளை, பக்கத்தில் காட்டுவது. தெளிவான தலைப்பு எழுதுபவருக்குத் தெளிவான பழைய பதில்கள் கிடைக்கின்றன. பலர் கேள்வியை அனுப்பாமலே பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். ‘தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா’ என்ற எரிச்சலான மறுமொழி, எல்லாத் தொழில்முறைக் குழுக்களிலும் புதியவர்களை விரட்டும் வாக்கியம். அதை எழுத வேண்டிய தேவையையே இந்த வசதி பெருமளவு போக்கிவிடுகிறது.

மேற்கோள் காட்டும் முறையை இதைவிட உயர்வாகச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் வழியே நடக்கும் மடலாடற் குழுக்களில் பழகியவர்களுக்குத் தெரியும்: நாற்பது வரி மடலுக்குக் கீழேயோ மேலேயோ ‘ஆமாம், சரி’ என்று ஒரே சொல்லை ஒட்டி, முழு மடலையும் திருப்பி அனுப்பும் பழக்கம் எத்தனை பேரைப் படிப்பதையே விட்டுவிட வைத்தது என்று. டிஸ்கோர்ஸில் படிக்கும்போது வேண்டிய வரியை மட்டும் தேர்ந்தெடுத்தால் ‘மேற்கோள்’ பொத்தான் அங்கேயே தோன்றுகிறது. அழுத்தினால் எழுதியவர் பெயரோடும் மூலப் பதிவுக்கான இணைப்போடும் அந்த வரி மட்டும் எழுதும் பெட்டியில் வந்து உட்காருகிறது. மேலே உள்ள பதிவு முழுவதையும் மேற்கோளாக இட்டு அதற்கு நேரடியாகப் பதில் எழுதினால், தேவையற்ற அந்த மேற்கோளை மென்பொருளே நீக்கிவிடுகிறது. இது வெறும் இடச் சிக்கனம் அன்று. எதிராளி எழுதிய ஐந்து பத்திகளில் எந்த வாக்கியத்தோடு நான் முரண்படுகிறேன் என்று சுட்டிக்காட்டும்போது, மற்ற நான்கு பத்திகளோடு எனக்குச் சண்டையில்லை என்பதும் சொல்லாமலே விளங்குகிறது. ‘நீங்கள் எப்போதுமே இப்படித்தான்’ என்ற வாக்கியம், குறிப்பிட்ட மேற்கோளுக்குக் கீழே எழுதும்போது அவ்வளவு எளிதாக வருவதில்லை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்காட்டுவதும், எவர் சொன்னது என்று பெயரோடு காட்டுவதும் எந்தத் தொழிலிலும் அடிப்படை நாகரிகம்.

குழுவில் ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் சிக்கலையும் இது கவனிக்கிறது. ஒருவர் அடுத்தடுத்துத் தனித்தனிப் பதில்கள் இட்டுக்கொண்டே போனால், எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேர்த்து எழுதலாமே என்று கேட்கிறது. ஓர் இழையின் பெரும்பகுதியை ஒருவரே எழுதியிருந்தால், மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்கிறது. இருவர் மட்டும் மாறி மாறி ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தால், தனிச்செய்தியில் பேசிக்கொள்வது நல்லது என்று குறிப்பால் உணர்த்துகிறது. ஏற்கெனவே ஒருவர் தந்த இணைப்பையே மறுபடி ஒட்டினால், இதை இன்னார் முன்பே பகிர்ந்துவிட்டார் என்று சொல்கிறது. நெடுங்காலம் உறங்கிய இழையை எழுப்ப முயன்றால், கடைசிப் பதில் எப்போது வந்தது என்று காட்டி, தொடர வேண்டுமா என்று கேட்கிறது. ஒரு குழுவினர் அனைவரையும் ஒரே குறியில் அழைத்தால், எத்தனை பேருக்கு அறிவிப்பு போகும் என்ற எண்ணிக்கையைக் கண்முன் வைக்கிறது. இவற்றில் எதுவும் தடை இல்லை. சாளரத்தை மூடிவிட்டு நினைத்ததை எழுதலாம். பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் ஒருவர் இதே வாக்கியங்களைச் சொன்னால், ‘என்னை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்’ என்று மனக்கசப்பு முளைக்கும். அதுவும் சொல்லப்படுபவர் துறையில் மூத்தவராகவும் சொல்பவர் இளையவராகவும் இருந்துவிட்டால் அந்தக் கசப்பு குழுவுக்கு வெளியேயும் தொடரும். இயந்திரம் சொன்னால் யாருக்கும் முகம் வாடுவதில்லை. தொழில்முறைக் குழுவுக்கு இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் முதன்மையான காரணம் இதுவே.

நன்றி சொல்லும் விஷயத்தில் இதன் தேர்வை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. இயல்பு அமைப்பில் ஒரு பதிவுக்குக் குறைந்தது 20 எழுத்துக்குறிகள் தேவை. ‘நன்றி’ என்று மட்டும் எழுதினால் ஏற்காது. அதற்குப் பதிலாக இதயக்குறியை அழுத்தச் சொல்லாமல் சொல்கிறது. ஐம்பது பேர் இருக்கும் இழையில் ஐம்பது ‘நன்றி’ வேண்டாம் என்ற கணக்கு சரிதான். ஆனால் தன் நேரத்தைச் செலவிட்டு விரிவாக விடை எழுதிய ஒருவருக்கு இதயக்குறி தருவது, வீட்டுக்கு வந்து உதவிவிட்டுப் போகிறவரைப் பார்த்துத் திண்ணையிலிருந்தே தலையசைப்பதைப் போன்றது. அதைவிட முக்கியம், கேட்டவர் திரும்ப வந்து ‘நீங்கள் சொன்ன இரண்டாவது வழி பலித்தது, முதலாவது பலிக்கவில்லை’ என்று எழுதுவது. பின்னால் அதே சிக்கலோடு வருபவருக்கு அந்த ஒரு வரிதான் உண்மையான உதவி. விடையைத் ‘தீர்வு’ என்று குறிக்கும் வசதி உண்டு. குறித்தால் அது கேள்விக்குக் கீழேயே எடுத்துக்காட்டப்படும். பயனுள்ளது. எனினும் எது ஏன் பலித்தது என்பதைக் குறியால் சொல்ல முடியாது. நிர்வாகிகள் 20 என்ற வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, தீர்வைக் குறிப்பவர் ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும் என்பதைக் குழுவின் வழக்கமாக ஆக்கிக்கொள்வது நல்லது.

கோபத்தைக் கையாளும் முறைக்கு வருகிறேன். இணைய நாகரிகம் பற்றிய பழைய ஆவணங்களில் பெயர் பெற்ற ஆர்எஃப்சி 1855, 1995 அக்டோபரில் வெளியானது. உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பு என்பது அதில் உள்ள அறிவுரைகளில் ஒன்று. மின்னஞ்சல் காலத்தில் சொன்ன இந்த யோசனையை, இன்றைய உடனடிச் செய்திச் செயலிகள் ஏறத்தாழ நடக்காத காரியமாக ஆக்கிவிட்டன. எதிர்த்தரப்பு தட்டச்சு செய்கிறது என்று மூன்று புள்ளிகள் துடிக்கும்போது யார் இரவு வரை காத்திருப்பார்கள்? டிஸ்கோர்ஸில் எழுதிய வரைவு தானாகச் சேமிக்கப்படுகிறது. மூடிவிட்டுப் போய் மறுநாள் திறந்தாலும் அங்கேயே இருக்கும். மறுநாள் திறப்பவர் பெரும்பாலும் பாதியை அழித்துவிட்டுத்தான் அனுப்புவார். சூடேறிய இழைக்கு ‘மெது நிலை’ ஒன்றையும் மட்டுறுத்துநர் இடலாம். ஒரே ஆள் அடுத்த பதிலை எழுதக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். இழையைப் பூட்டுவதைவிட இது நாகரிகமானது. பூட்டினால் கடைசியாகப் பேசியவர் வென்றவராகத் தோன்றுவார்.

வரம்பு மீறிய பதிவை உறுப்பினர்களே புகார் பொத்தான் மூலம் சுட்டலாம். போதிய அளவில் புகார் சேர்ந்தால் பதிவு மறைக்கப்படும்; எழுதியவருக்குச் செய்தி போகும்; அவர் திருத்தினால் பதிவு மீண்டும் தெரியும். இந்தக் கடைசிப் படிதான் எனக்குப் பிடித்தது. ‘இந்த அடிப்படைகூடத் தெரியாதவர்கள் இத்துறைக்கு ஏன் வருகிறார்கள்’ என்று முடியும் பதிலில் அந்தக் கடைசி வரியை நீக்கினால், மேலே உள்ள தொழில்நுட்ப விளக்கம் அத்தனையும் குழுவுக்குப் பயன்படும். முழுப் பதிவையும் அழித்தால் அந்த விளக்கமும் போகும், எழுதியவரும் போவார். திருத்திக்கொள்ள வழி விட்டால் இரண்டும் மிஞ்சும். புகார் பொத்தானை மாற்றுக்கருத்துக்கு எதிரான ஆயுதமாகப் பயன்படுத்துவோரும் உண்டு. யாருடைய புகார்கள் முன்பு ஏற்கப்பட்டன என்பதைக் கணக்கில் கொண்டு மென்பொருள் எடை போடுகிறது என்றாலும், இறுதித் தீர்ப்புக்கு மனிதக் கண் தேவைப்படுகிறது.

இனிக் குறைகள். டிஸ்கோர்ஸ் உறுப்பினர்களை 0 முதல் 4 வரையான நம்பிக்கை நிலைகளாகப் பிரிக்கிறது. புதியவருக்கு இணைப்புகள், படங்கள், பெயரிட்டு அழைத்தல் ஆகியவற்றில் கட்டுப்பாடு உண்டு. இயல்பு அமைப்பில் 5 இழைகளுக்குள் நுழைந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடம் வாசிப்பில் செலவிட்டால் 0இலிருந்து முதல் நிலைக்கு (1) உயர்ந்துவிடலாம். எரிதம் (ஸ்பேம்) அனுப்புவோரைத் தடுக்க இது போதும். ஆனால் குழுவின் போக்கைப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் எப்படிப் போதும்? மேலே சொன்ன 1995 ஆவணம், எதையும் எழுதுவதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு மாதம் படிக்கச் சொன்னது. இரண்டு மாதம் இன்று யாருக்கும் கட்டுப்படியாகாதுதான். இருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே எங்கோ ஒரு நியாயமான அளவு இருக்கிறது. நிர்வாகிகள் இதை உயர்த்திக்கொள்ளலாம், உயர்த்த வேண்டும்.

மூன்றாம் நிலையில் சிக்கல் தலைகீழாகிறது. கடைசி 100 நாள்களில் பாதி நாள்களாவது வந்திருக்க வேண்டும், 20 விருப்பங்கள் (இதயக்குறிகள்) பெற்றிருக்க வேண்டும், 30 விருப்பங்கள் கொடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நீளுகின்றன. தொடர்ந்து நிறைவேற்றாவிட்டால் நிலை பறிபோகும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எட்டிப் பார்த்து, வேறு யாராலும் சொல்ல முடியாத விடையை நான்கு வரியில் எழுதிவிட்டுப் போகும் மூத்த வல்லுநர் இந்தக் கணக்கில் தேறவே மாட்டார். நாள்தோறும் வந்து எல்லாவற்றுக்கும் இதயக்குறி போடுகிறவர் தேறிவிடுவார். இழைகளின் தலைப்பை மாற்றும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும். வருகைப்பதிவை மதிப்பாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு பொழுதுபோக்குச் சமூகங்களுக்குப் பொருந்தலாம். பணி நேரத்துக்கு நடுவே வந்துபோகும் தொழிலர்களின் குழுவுக்குப் பொருந்தவில்லை. அட்டவணைக்குக் காத்திராமல், தகுதியானவர்களுக்கு நிர்வாகியே நிலையை நேரடியாக உயர்த்தித் தரலாம் என்பது ஓர் ஆறுதல்.

இரகசியம் காப்பதில் இன்னும் கவனம் தேவை. ஒருவர் பிழைச்செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை இடுகிறார். ஓரத்தில் வாடிக்கையாளரின் பெயர் தெரிகிறது. சிறிது நேரம் கழித்துக் கண்டுபிடித்துப் படத்தை மாற்றுகிறார். சிக்கல் தீர்ந்தது என்று அவர் நினைப்பார். ஆனால் இயல்பு அமைப்பில் முதல் 5 நிமிடச் சலுகை நேரத்துக்குப் பிறகு செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் வரலாற்றில் சேமிக்கப்படுகிறது. பென்சில் குறியை அழுத்துபவர் பழைய வடிவத்தையும் பார்க்கலாம். அதை மறைக்க மட்டுறுத்துநரைத்தான் நாட வேண்டும். அதற்குள் மின்னஞ்சலாகப் போய்விட்ட படிகளைத் திரும்ப அழைக்கவும் வழியில்லை. திருத்த வரலாறு வெளிப்படையாக இருப்பது விவாதத்துக்கு நல்லது. சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. ஆனால் பிறருடைய தகவல்களைக் கையாளும் துறைகளில், பொது உறுப்பினர் பார்வையிலிருந்து அந்த வரலாற்றை அகற்றிவிடும் அமைப்பைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு. பிழைச்செய்தியைப் படமாக இடாமல் எழுத்தாக ஒட்டும் பழக்கத்தை வலியுறுத்தினால் பாதிச் சிக்கல் தோன்றாது. அப்படி ஒட்டியது பின்னால் தேடுபவருக்கும் அகப்படும்.

மென்பொருளால் எட்டவே முடியாத இடங்களும் உண்டு. ஒரு கருவியைப் புகழ்ந்து எழுதுபவர் அதை விற்கும் நிறுவனத்தில் பணிபுரிகிறாரா என்பதை அது கேட்காது. இயந்திரம் எழுதிய விடையைச் சரிபார்க்காமல் ஒட்டுகிறவரை அதனால் அடையாளம் காண முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய விடைகளுக்குத் தடை விதித்தபோது, அதை நடைமுறைப்படுத்தும் சுமை மட்டுறுத்துநர்கள் தலையில்தான் விழுந்தது. பொதுவில் கேட்க வேண்டியதை வல்லுநரின் தனிப்பெட்டியில் கேட்டு, பதில் தாமதமானால் மறுநாளே ‘என்ன ஆயிற்று’ என்று நினைவூட்டும் அன்பர்களையும் அது தடுப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் குழுவின் மூத்தவர்கள் தாமே முன்னின்று நடந்துகாட்டினால் ஒழிய வழி பிறக்காது.

உடனடிச் செய்திச் செயலியில் நடக்கும் குழுக்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. வாட்ஸாப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். கேள்வி ஒன்று, வாழ்த்துப்படம் ஒன்று, வேறொரு கேள்வி, முதல் கேள்விக்கான பதில் என்று எல்லாம் ஒரே ஓடையில் போகும்; சேர்ந்தவர் அனைவருடைய கைப்பேசி எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். அங்கே நாகரிகம் காப்பது முழுக்க நிர்வாகியின் பொறுமையைச் சார்ந்தது. ஜூலிப் என்ற இன்னொரு திறமூலக் கருவி, ஒவ்வோர் உரையாடலுக்கும் தலைப்பிட வைப்பதால் இந்த ஓடைச் சிக்கலைத் தீர்க்கிறது. ஒரே அலுவலகத்தார் நாள் முழுதும் பேசிக்கொள்ள அது மிகப் பொருத்தம். வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு, ஒருவரையொருவர் நேரில் பாராமல், பல நாள் இடைவெளியில் எழுதிக்கொள்ளும் தொழிலர்களுக்கு டிஸ்கோர்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

தேர்ந்தெடுப்பவர்கள் நிறுவிய முதல் நாளே சிலவற்றை மாற்றிவிட வேண்டும். முதல் பதிவுக் குறிப்பைத் துறைக்கேற்ப எழுதி, இரண்டு பதிவுகளுக்குப் பதில் ஐந்து பதிவுகள் வரை தோன்றச் செய்யுங்கள். முதல் நிலைக்கான வாசிப்பு நேரத்தைக் கூட்டுங்கள். மூன்றாம் நிலையின் விருப்ப எண்ணிக்கைகளைச் சுழியமாக்குங்கள். திருத்த வரலாற்றை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யுங்கள். பதக்கங்கள் என்று ஒன்று இருக்கிறது: முதல் விருப்பம், முதல் பகிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவிப்போடு வரும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு ‘முதல் முகக்குறியை இட்டதற்குப் பாராட்டு’ என்று அறிவிப்பு போவதற்கு முன் அதை முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.